நான்கு பக்கங்களில் ஓர் ஊர்

நுழையும்முன்

செய்தித்தாளைக் கையில் எடுத்ததும் செய்திகளைப் படிக்கிறோம். விளம்பரங்களைப் பார்த்தும் பாராமலும் கடந்து செல்கிறோம். ஆனால், ஒரு காலத்து மக்கள் எதை உண்டனர், எதை உடுத்தினர், எதை இழந்து வருந்தினர், எதை நம்பி ஏமாந்தனர் என்பனவற்றை அறிய விரும்பும் ஆய்வாளருக்கு விளம்பரப் பத்திகளே அரிய சான்றுகளாகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சிற்றூர் இதழ்களில் வெளிவந்த விளம்பரங்களின் வழியாக அக்கால வணிகத்தையும் வாழ்வையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

காணாமற்போன குதிரை

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத் தலைநகராக இன்று விளங்கும் ஸ்பிரிங்ஃபீல்டு, 1830களில் ஒரு சிற்றூர். அவ்வூரிலிருந்து வெளிவந்த 'சங்கமோ ஜர்னல்' என்னும் வார இதழில் ஒரு சிறு விளம்பரம் இடம்பெற்றது. ஸ்பிரிங்ஃபீல்டிலுள்ள ஒரு கொட்டடியிலிருந்து குதிரையொன்று வழிதவறிப் போயிற்று அல்லது களவு போயிற்று. பெரிய உருவம், செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெண்சுட்டி, உடலில் சேணம் உராய்ந்த தடம், வயது எட்டு இருக்கலாம், லாடங்கள் சில கழன்றிருக்கக்கூடும். கண்டுபிடிப்போர் இதழ் அலுவலகத்திலோ, நியூ சேலத்தில் வாழும் உரிமையாளரிடமோ தெரிவித்தால் தக்க வெகுமதி பெறுவர். விளம்பரத்தின் அடியில் இருந்த பெயர் ஏ. லிங்கன்.

பின்னாளில் அமெரிக்காவின் பதினாறாவது குடியரசுத் தலைவரான ஆபிரகாம் லிங்கனே அவர். 1837ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், அவரும் ஜான் ஸ்டூவர்ட்டும் இணைந்து வழக்கறிஞர் தொழில் நடத்தப்போவதை அறிவிக்கும் விளம்பரமும் அதே இதழில் வெளிவந்தது. தேர்தல் அறிக்கையாயினும், தொழில் தொடக்கமாயினும், தொலைந்த குதிரையாயினும் ஊரார் அறியவேண்டியவை யாவும் அவ்விதழின் வழியாகவே சென்றன. இதழ் அலுவலகம் அச்சுக்கூடமாக மட்டும் இருக்கவில்லை. ஊர் கூடும் திண்ணையாகவும் விளங்கியது.

ஒரு தாள், நான்கு பக்கம்

அக்காலச் சிற்றூர் இதழ் பெரும்பாலும் வாரத்திற்கு ஒருமுறை வெளிவந்தது. பெரிய தாள் ஒன்றை ஒருமுறை மடித்தால் கிடைக்கும் நான்கு பக்கங்களே முழு இதழ். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோத்து, மை தடவி, கையால் இயக்கும் இரும்பு அச்சுப்பொறியில் தாளை அழுத்தி எடுத்தனர். இதழாசிரியரே பல ஊர்களில் அச்சுக்கோப்பவராகவும், விளம்பரம் திரட்டுபவராகவும், சந்தாப் பணம் கேட்டு வீடுவீடாகச் செல்பவராகவும் இருந்தார்.

விளம்பரத்தின் பரப்பு 'சதுரம்' என்னும் அளவால் கணக்கிடப்பட்டது. முதன்முறை வெளியிடுவதற்கு ஒரு கட்டணமும், அதே விளம்பரத்தைத் தொடர்ந்து வெளியிடுவதற்குக் குறைந்த கட்டணமும் பெற்றனர். கோத்த எழுத்துகளைக் கலைக்காமல் அப்படியே கட்டிவைத்து, அடுத்த வாரமும் அச்சிட்டதால் உழைப்பு மிச்சமாயிற்று, பக்கமும் நிரம்பிற்று. எனவே, 'புதிய சரக்கு வந்திறங்கியது' என்னும் விளம்பரம் பல திங்கள் மாறாமல் நின்றது. பழைய இதழைப் புரட்டும் ஆய்வாளர், அச்சரக்கு எப்போது புதியதாயிருந்தது என்பதையும் ஆராயவேண்டும்.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்காவின் 1792ஆம் ஆண்டு அஞ்சல் சட்டம், ஓர் இதழை 100 மைல் தொலைவுக்குள் அனுப்ப ஒரு சென்ட் மட்டுமே கட்டணமாக வரையறுத்தது. இதழாசிரியர்கள் தமக்குள் இதழ்களைக் கட்டணமின்றி அஞ்சலில் பரிமாறிக்கொள்ளவும் வழி செய்தது. தொலைதூரச் செய்திகளைச் சிற்றூர் ஆசிரியர்கள் இவ்வாறு வந்த இதழ்களிலிருந்தே எடுத்து வெளியிட்டனர்.

காசு அரிது, கடன் பெரிது

சிற்றூர்க் கடையின் விளம்பரம் ஒரு நீண்ட பட்டியலாகவே அமைந்தது. துணி, தொப்பி, காப்பிக்கொட்டை, சர்க்கரை, தேயிலை, ஆணி, வெடிமருந்து, பீங்கான் கலம், பள்ளிப் புத்தகம் என அனைத்தும் ஒரே கடையில் கிடைத்தன. கடைக்காரர் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ கிழக்குக் கடற்கரைப் பெருநகரங்களுக்குச் சென்று சரக்கு வாங்கிவந்தார். அவர் ஊர் திரும்பியதையே விளம்பரம் ஒரு நிகழ்ச்சிபோல் அறிவித்தது.

அப்பட்டியலின் முடிவில் உள்ள வரி மிக முக்கியமானது. ரொக்கத்திற்கோ விளைபொருளுக்கோ சரக்கு விற்கப்படும் என்று அது கூறியது. எல்லைப்புற ஊர்களில் நாணயப் புழக்கம் குறைவு. உழவர் ஆண்டு முழுவதும் கடனுக்கு வாங்கி, அறுவடை முடிந்தபின் கோதுமை, வெண்ணெய், தேன்மெழுகு, விலங்குத்தோல் முதலியவற்றைத் தந்து கணக்கை முடித்தனர். இதழாசிரியரின் நிலையும் இதுவே. சந்தாவுக்கு ஈடாக விறகு, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு ஆகியவற்றை ஏற்றுக்கொள்வதாக ஆசிரியர்களே தம் இதழ்களில் அறிவித்தனர். குளிர்காலத்தில் அடுப்பெரிக்க விறகு தருவதாகச் சொன்னவர் தரவில்லையெனில், அதையும் இதழிலேயே நினைவூட்டினர்.

கடனில் நடக்கும் வணிகம் நம்பிக்கையில் நடக்கும் வணிகம். நம்பிக்கை குலைந்தபோது அதுவும் விளம்பரமாயிற்று. 'கடன்பட்டோர் உடனே வந்து கணக்குத் தீர்க்க' என்று கடைக்காரர் முதலில் பணிவாகக் கேட்டார். பின்னர், வழக்குத் தொடரப்போவதாக எச்சரித்தார். 1837, 1873 ஆகிய ஆண்டுகளில் தொடங்கிய பொருளாதார நெருக்கடிகளின்போது நிலமும் கால்நடையும் ஏலத்திற்கு வந்தன. அரசு அலுவலர் வெளியிட்ட ஏல அறிவிப்புகள் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு குடும்பத்தின் வீழ்ச்சி இருந்தது.

வீட்டுப் பிணக்கும் இப்பத்திக்கு வந்ததுண்டு. தன் மனைவி வீட்டைவிட்டுச் சென்றுவிட்டாள். அவள் பெயரால் எவரும் கடன் தரவேண்டா. தந்தால் தான் பொறுப்பாகமாட்டேன் எனக் கணவர் அறிவிப்பார். மணமான பெண்ணுக்குத் தனிச்சொத்துரிமையை மறுத்து, அவள் வாங்கும் இன்றியமையாப் பொருள்களுக்குக் கணவரைப் பொறுப்பாக்கிய சட்டமே இவ்வறிவிப்புக்குக் காரணம். அரிதாகச் சில பெண்கள் மறுமொழி விளம்பரம் வெளியிட்டுத் தம் தரப்பைக் கூறினர். நியூயார்க் மாநிலம் 1848இல் இயற்றிய சட்டம், மணமான பெண்கள் சொத்து வைத்திருக்கும் உரிமையை ஏற்றது.

ஒரே பத்தியில் குதிரையும் மனிதரும்

விளம்பரங்களுக்கு அழகூட்டச் சிறுசிறு படக்கட்டைகள் பயன்பட்டன. வீடு, கப்பல், குதிரை முதலிய படங்களை அச்செழுத்து வார்ப்பகங்கள் ஆயத்தமாகவே விற்றன. தென்மாநில அச்சுக்கூடங்களின் பேழைகளில் மற்றொரு படமும் இருந்தது. தோளில் மூட்டை தொங்க, தப்பி ஓடும் ஓர் அடிமை மனிதரின் உருவம் அது.

தப்பிச்சென்ற அடிமையைப் பற்றிய விளம்பரம், தொலைந்த குதிரையைப் பற்றிய விளம்பரத்தின் அமைப்பிலேயே எழுதப்பட்டது. நிறம், உயரம், வயது, நடை, உடலிலுள்ள அடையாளம், பிடித்துத் தருவோர்க்கு வெகுமதி என வரிசையும் மாறவில்லை. மொழி கூசவில்லை, ஏனெனில், மனிதரை உடைமையாகக் கருதிய சமூகத்தில் அது நாள்தோறும் நிகழும் வணிகமாக இருந்தது. இதழாசிரியரும் மற்ற விளம்பரங்களைப் போலவே அதற்கும் சதுரக் கணக்கில் கட்டணம் பெற்றார்.

ஆனால், உரிமையாளர் எழுதிய சொற்களே அவருக்கு எதிரான சான்றாயின. முதுகில் சாட்டைத் தழும்பு, கன்னத்தில் சூட்டுக்குறி, கழுத்தில் இரும்பு வளையம் ஆகியவற்றை அவரே அடையாளமாகக் குறித்திருந்தார். அடிமை முறையை எதிர்த்த தியோடர் வெல்டு, அவர் மனைவி ஏஞ்சலினா கிரிம்கே, அவர் தமக்கை சாரா கிரிம்கே ஆகிய மூவரும் தென்மாநில இதழ்களை ஆயிரக்கணக்கில் திரட்டிப் படித்தனர். அவற்றின் விளம்பரங்களைச் சான்றாகத் தொகுத்து 1839இல் ஒரு நூலை வெளியிட்டனர். அடிமைகள் நலமாகவே நடத்தப்படுகின்றனர் என்று வாதிட்டோருக்கு, அடிமை உரிமையாளர்களின் கையெழுத்திட்ட சொற்களே மறுப்பாக அமைந்தன.

உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து அடிமை முறை ஒழிந்தபின், விளம்பரம் வேறொரு குரலில் பேசியது. விற்கப்பட்டுப் பிரிந்த தாயை, குழந்தையை, உடன்பிறந்தாரைத் தேடி விடுதலை பெற்றோர் விளம்பரம் செய்தனர். நியூ ஆர்லியன்சிலிருந்து வெளிவந்த ஒரு சமய வார இதழ், 1870களின் பிற்பகுதியில் இதற்கெனத் தனிப்பத்தி நடத்தியது. சந்தாதாரர்க்குக் கட்டணமில்லை; மற்றவர்க்கு 50 சென்ட். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அறியும்பொருட்டு, சிற்றூர்த் தேவாலயங்களில் அவற்றை உரக்கப் படிக்குமாறு இதழ் வேண்டியது. ஒரு காலத்தில் மனிதரைத் துரத்திய அதே விளம்பரப் பத்தி, மனிதரை மனிதரோடு சேர்க்கவும் முயன்றது.

ஊரில் இல்லாத உட்பக்கம்

விஸ்கான்சின் மாநிலத்தின் பராபூ என்னும் ஊரில் ஆன்செல் கெல்லாக் என்பவர் இதழ் நடத்திவந்தார். 1861இல் போர் மூண்டது. அச்சுப்பணியாளர் படையில் சேர்ந்தார். முழு இதழையும் அச்சிட ஆளில்லாத நிலையில், மாநிலத் தலைநகர் மாடிசனில் அச்சிட்ட தாள்களை வரவழைத்து, ஊர்ச்செய்திகளைத் தம் அச்சுக்கூடத்தில் அச்சிட்டு இணைத்தார். இடர்ப்பாட்டில் பிறந்த இவ்வழியை அவர் தொழிலாகவே வளர்த்து, 1865இல் சிகாகோவில் ஒரு நிறுவனம் தொடங்கினார். பாதி அச்சிடப்பட்ட தாள்கள் தொடர்வண்டியேறிப் பல நூறு ஊர்களுக்குச் சென்றன. ஒருபுறம் கதைகளும் பொதுச்செய்திகளும் பெருநகர விளம்பரங்களும் இருந்தன. வெற்றாக விட்ட மறுபுறத்தில் ஊராசிரியர் தம் செய்திகளை அச்சிட்டார்.

செலவு குறைந்தது, அதனால் சிற்றூர் இதழ்கள் பெருகின. ஆயினும், ஊர் இதழின் ஒரு பாதியில் அவ்வூர் இல்லை. அப்பாதியின் விளம்பர வருவாயும் ஊராசிரியருக்கு வரவில்லை; தாளை அனுப்பிய நிறுவனத்திற்கே சென்றது.

மருந்தும் மௌனமும்

நூற்றாண்டின் பிற்பகுதியில் இதழ்களை நிரப்பியவை, எல்லா நோயையும் தீர்ப்பதாகக் கூறிய ஆயத்த மருந்துகளின் விளம்பரங்கள். மாசசூசெட்சின் லின் நகரில் லிடியா பிங்கம் 1875இல் விற்பனையைத் தொடங்கிய மூலிகை மருந்தில் ஏறத்தாழ 18 விழுக்காடு சாராயம் கலந்திருந்தது. பல் முளைக்கும் குழந்தைகளின் அழுகையை அடக்குவதாகப் புகழ்பெற்ற 'வின்ஸ்லோ அம்மையாரின் மருந்து நீர்மம்' மார்பின் என்னும் அபினிச் சத்தைக் கொண்டிருந்தது. உள்ளடக்கம் அறியாமலேயே தாய்மார் அதைக் குழந்தைகளுக்குப் புகட்டினர்.

லிடியா பிங்கம் 1883இல் இறந்தார். அதன்பின்னும், பிங்கம் அம்மையாருக்குக் கடிதம் எழுதி அறிவுரை பெறுமாறு விளம்பரங்கள் பெண்களை அழைத்தன. 1905இல் ஒரு மகளிர் இதழ் அவருடைய கல்லறையின் நிழற்படத்தை வெளியிட்டு உண்மையை உணர்த்தியது.

சிற்றூர் இதழ்கள் ஏன் வாய் திறக்கவில்லை? அதே ஆண்டில் 'கோலியர்ஸ்' இதழ் வெளியிட்ட கட்டுரைகள் காரணத்தைக் காட்டின. மருந்து நிறுவனங்கள் இதழ்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களில், சிவப்பு மையில் அச்சிட்ட ஒரு விதி இருந்தது. மருந்துத் தொழிலைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை மாநிலம் இயற்றினால் ஒப்பந்தம் செல்லாது என்பதே அவ்விதி. சட்டம் வந்தால் வருவாய் போகும் என்பதால் பல ஆசிரியர்கள் மௌனம் காத்தனர். சிலர் சட்டத்தை எதிர்த்தும் எழுதினர். விளம்பரத்திற்கு விற்றது தாளின் ஒரு சதுரம் மட்டுமன்று. வாசகரின் நலனைக் காக்கவேண்டிய குரலும் அதனோடு சேர்ந்து விலைபோயிற்று. 1906இல் நிறைவேறிய தூய உணவு, மருந்துச் சட்டம், மருந்தில் கலந்துள்ள சாராயம், அபினி முதலியவற்றைப் புட்டியின்மேல் குறிப்பிடுமாறு ஆணையிட்டது.

விளம்பரம் சொல்வதும் சொல்லாததும்

விளம்பரம் பொருளை விற்க எழுதப்படுகிறது. வரலாற்றைச் சொல்ல எழுதப்படுவதில்லை. ஆயினும், எழுதியவர் எண்ணாத உண்மையையும் அது தாங்கி நிற்கிறது. கடைக்காரரின் பட்டியல் காசில்லாத உழவரைக் காட்டுகிறது. வெகுமதி அறிவிப்பு சாட்டையைப் பிடித்த கையைக் காட்டுகிறது. மருந்து விளம்பரம் அதனருகே எழுதப்படாமற்போன தலையங்கத்தை நினைவூட்டுகிறது.

ஆகவே, எக்காலத்து விளம்பரத்தைப் படித்தாலும் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. இதை வெளியிடப் பணம் தந்தவர் யார்? இதில் சொல்லாமல் விடப்பட்டது எது? இதனால் பேச முடியாமற்போனவர் எவர்? இவ்வினாக்களோடு படிப்பவர்க்கு, மங்கிய மையில் அச்சிட்ட நான்கு பக்கங்களும் ஓர் ஊரின் உயிருள்ள ஆவணமாகும்.

கற்பவை கற்றபின்

1. ஒரு நாளிதழின் ஒருநாள் விளம்பரங்களை மட்டும் தொகுத்து, அவற்றின்வழி அறியலாகும் மக்கள் வாழ்வைப் பற்றி வகுப்பில் உரையாடுக.

2. ஏதேனும் ஒரு விளம்பரத்தைத் தேர்ந்து, பாடத்தின் இறுதியிலுள்ள மூன்று வினாக்களுக்கும் விடை எழுதுக.

நம்மை அளவிடுவோம்

குறுவினா
1. விளம்பரங்கள் பல திங்கள் மாறாமல் வெளிவந்தமைக்குக் காரணம் யாது?
2. சந்தாவுக்கு ஈடாக இதழாசிரியர்கள் ஏற்றுக்கொண்ட பொருள்கள் எவை?

சிறுவினா
1. தொலைந்த குதிரை, தப்பிய அடிமை ஆகியோரைப் பற்றிய விளம்பரங்களின் ஒப்புமை உணர்த்தும் சமூக நிலையை எழுதுக.
2. கெல்லாக் கண்ட வழியால் சிற்றூர் இதழ்கள் பெற்ற நன்மையையும் இழப்பையும் விளக்குக.

நெடுவினா
'விளம்பர வருவாய் இதழை வாழவைக்கவும் செய்யும். அதன் வாயை அடைக்கவும் செய்யும்' – இக்கூற்றைப் பாடச் சான்றுகளுடன் நிறுவுக.