வடக்கிருந்த சோழனும் ஓர் இடமும்

உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழன் தன் மைந்தர் இருவர்மீதே படையெடுத்தான். வென்றால் நாட்டை யாருக்கு விட்டுச் செல்வாய் என்று புல்லாற்றூர் எயிற்றியனார் கேட்டார் (புறநானூறு 213). மன்னன் போரைக் கைவிட்டு, உண்ணாது வடக்கிருந்தான். அந்நோன்பை நாம் இங்கு போற்ற வரவில்லை. உலகைத் துறந்தவன் தன் அருகே ஓர் இடம் ஒதுக்கச் சொன்னானே (216), அதுதான் நமக்குப் பாடம். அவ்விடம் பாண்டிநாட்டுப் பிசிராந்தையாருக்கு. இருவரும் ஒருவரையொருவர் கண்டதே இல்லை! வருவாரோ என ஐயுற்றனர் அருகிலிருந்தோர். அவர் வந்தார், உடனிருந்தார்.

பிள்ளைகளோடு மனத்தாங்கலாகிக் கதவடைத்துக்கொண்ட பெரியவர்கள் கிளென் ஈடனிலும் உண்டு. யாரும் வேண்டாம் என்பவர் மனத்திலும் அப்படி ஓரிடம் இருக்கலாம். அழைப்புக்குக் காத்திராமல் போய்ப் பார்ப்போம்.

மகன் பிறந்தபின் வா என்று மன்னன் திருப்பியனுப்பிய பொத்தியாரும் பின்னர் வந்து, நடுகல்லிடம் தம் இடத்தைக் கேட்டார் (222).