பழைய பைத்தானை எப்போது விடலாம்?

உங்கள் அணி எழுதுவது சொந்த சர்வரில் ஓடும் செயலி என்றால் கவலை குறைவு. டாக்கர் இமேஜை மாற்றி, டெஸ்ட்களை ஓட்டிப் பார்த்தால் வேலை முடிந்தது. மற்றவர்கள் இன்ஸ்டால் செய்யும் லைப்ரரி என்றால்தான் சிக்கல். குறைந்தபட்சப் பதிப்பை நீங்கள் ஏற்றினால், முகம் தெரியாத யாரோ ஒருவரின் பில்டு நின்றுபோகலாம்.

பேச்சு பெரும்பாலும் ஓர் ஆசையில்தான் தொடங்கும். 3.10-இல் வந்த மேட்ச்-கேஸை எழுதிப் பார்க்க அணியில் யாருக்காவது கை துறுதுறுக்கும். அதற்காக மட்டும் ஏற்றாதீர்கள், காலண்டரைப் பாருங்கள். பைத்தானில் ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு புதிய பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு பராமரிப்பு உண்டு. 2020-இல் வந்த 3.9-க்கு 2025 அக்டோபரோடு பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிட்டன. அதற்கு மேலும் அதைத் தாங்குவது உங்கள் தயவு. அறிவியல் லைப்ரரிகள் இன்னும் கறார்: அவற்றுக்கான ஸ்பெக் 0 பரிந்துரை, வெளிவந்து மூன்றாண்டு ஆன பதிப்பை விட்டுவிடச் சொல்கிறது.

மேனேஜரிடம் பேசும்போது செலவைச் சொல்லுங்கள். ஜாங்கோ 5.0-க்கே 3.10 வேண்டும். நீங்கள் 3.9-ஐப் பிடித்துக்கொண்டிருந்தால் பழைய ஜாங்கோ, புதிய ஜாங்கோ இரண்டிலும் சோதித்தாக வேண்டும். எதிர்வாதமும் வரும்: ரெட் ஹாட் லினக்ஸ் 9-இன் இயல்பான பைத்தான் 3.9தான், அந்த லினக்ஸுக்கு 2032 வரை பராமரிப்பு உண்டு. வாடிக்கையாளர் அங்கே இருக்கிறாரா என்று நேரடியாகக் கேளுங்கள். இருந்தாலும் வழி இருக்கிறது, 3.11-ஐ அதிலேயே தனியாக நிறுவலாம். டவுன்லோடு எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். தானியங்கி பில்டுகளும் அதில்தான் எண்ணப்படுகின்றன.

முடிவெடுத்தபின் பலர் சறுக்குவது ஒரே இடத்தில். கோடு புதிய பைத்தானுக்கு மாறிவிடும். பேக்கேஜின் ‘ரிகொயர்ஸ்-பைத்தான்’ வரி பழையபடியே கிடக்கும். அந்த வரி சரியாக இருந்தால், பழைய பைத்தான்காரருக்கு அவருக்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பை பிப் தானாகவே எடுத்துக் கொடுக்கும். மறந்துபோய் வெளியிட்டுவிட்டால், அடுத்த வெளியீட்டில் திருத்துவது மட்டும் போதாது. புதியதைத் தாண்டிக் கீழே வரும் பிப், தடை எதுவும் இல்லாத அந்தக் கெட்ட வெளியீட்டில் போய் நிற்கும். பைபிஐயில் அதை ‘யாங்க்’ செய்தே ஆக வேண்டும்.

ஏற்றத்தை 4.2.1 போன்ற சின்ன திருத்த வெளியீட்டில் நுழைக்காதீர்கள். பாதுகாப்புத் திருத்தத்தோடு சேர்த்துக் கட்டவே கூடாது; ஒன்று வேண்டுமென்றால் இன்னொன்றையும் விழுங்கு என்று பயனரை நிர்ப்பந்திப்பது அது. முந்தைய வெளியீட்டின் குறிப்பிலேயே, பழைய கிளைக்கு எத்தனை மாதம் திருத்தம் தருவீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். அதற்கு ஆள் இல்லையென்றால் ‘தர மாட்டோம்’ என்றே எழுதலாம்.