விளக்குதான் எரிகிறதே!

கேள்வி: லினக்ஸ் கெர்னலுக்கு ஒரு எல்.இ.டி. டிரைவர் எழுதி அனுப்பினேன். விளக்கு ஒழுங்காக எரிகிறது. ஆனாலும் பக்கம் பக்கமாகத் திருத்தம் சொல்கிறார்கள். ஏன் இந்தக் கெடுபிடி?
– பொறியியல் மாணவி, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் மேசையில் எரிகிறது, சரி. அந்த சிப் ஐ2சி கம்பியில் இருக்கிறதா? அப்படியானால் ஒவ்வொரு கட்டளைக்கும் டிரைவர் சற்றே காத்திருக்க வேண்டும், அதாவது தூங்க வேண்டும். விளக்கைக் கண்சிமிட்ட வைக்கும் டைமரோ தூங்கவே கூடாத இடத்திலிருந்து அழைக்கும். கன்னடியன் கால்வாயில் மடை திறக்கப் போனவர், கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரும்வரை மடையிலேயே படுத்துவிட்டால் மற்ற வயல்களின் கதி? அதனால்தான் வெளிச்சத்தை மாற்ற கெர்னலில் இரண்டு வாசல்கள்: உடனே முடிகிற வேலைக்கு ஒன்று, காத்திருக்கும் வேலைக்கு இன்னொன்று. இரண்டாவதைக் கொடுத்தால், கெர்னலே அதை வரிசையில் போட்டுப் பிறகு செய்துகொள்ளும். நீங்கள் முதலாவதைக் கொடுத்திருந்தால் திருத்தம் சொன்னவர் பக்கமே நியாயம்.

சிப் பதில் தராவிட்டால் வரும் பிழை எண்ணை விழுங்கியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். விளக்கின் பெயர் நிறம், வேலை என்ற வரிசையில் இருக்க வேண்டும். டிவைஸ் ட்ரீ விளக்கம் தனிப் பேட்ச்சாகப் போக வேண்டும். இடைவெளி, டேப் சண்டையெல்லாம் எனக்கும் எரிச்சல்தான்; அதற்கு ‘செக்பேட்ச்’ ஸ்கிரிப்ட் இருக்கிறது, ஓட்டிவிட்டு அனுப்புங்கள்.

திருத்தி அனுப்பும் இரண்டாம் வடிவத்தில் என்ன மாற்றினீர்கள் என்பதை பேட்ச்சில் உள்ள ‘---’ என்ற மூன்று கோடுகளுக்குக் கீழே எழுத மறக்காதீர்கள்.