தந்தை பெயரில் நிற்கும் ஆர்.எக்ஸ். 100: மகன் ஓட்டலாமா?

கேள்வி: கம்பத்தைச் சேர்ந்த வாசகர் ஒருவரின் நீண்ட கடிதம் இடம் கருதிச் சுருக்கப்பட்டுள்ளது. அவருடைய தந்தை 1994 ஜூனில் புதிதாக வாங்கிப் பதிவு செய்த யமஹா ஆர்.எக்ஸ். 100 மோட்டார் சைக்கிள், தந்தை 2012இல் காலமான நாள்முதல் திராட்சைத் தோட்டத்து மருந்துக் கொட்டகையில் கிடந்தது. அண்மையில் மெக்கானிக் ஒருவர் அதைப் பிரித்து, போர் போட்டு, கார்புரேட்டரைக் கழுவி, ஓடும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார். "பதினைந்து வருடம் தாண்டிய வண்டியை அரசு பிடித்து உடைத்துவிடும் என்கிறார்கள். தோட்டத்துக்கும் எப்போதாவது குமுளிக்கும் போய்வர மட்டும் இதை ஓட்டலாமா?" என்பது வினா.

பதில்: வண்டியின் வயது இந்த வினாவை முடிவு செய்யாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், வாடகைக்கோ சரக்குக்கோ பயன்படாத சொந்த வண்டியின் பதிவுச் சான்றிதழ், அதாவது ஆர்.சி. புத்தகம், வழங்கப்பட்ட நாளிலிருந்து 15 ஆண்டுகள் செல்லும் என்று 41(7)ஆம் பிரிவில் சொல்லிவிட்டு, அதை ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளவும் அதே பிரிவில் வழி வைத்திருக்கிறது. ஊரார் சொல்லும் 'எஃப்.சி. காட்டுவது' சொந்த வண்டியைப் பொறுத்தவரை இந்தப் புதுப்பித்தலே. 15 ஆண்டான பெட்ரோல் வண்டிகளுக்கு எதிரான நீதிமன்ற உத்தரவுகள் டெல்லியையும் அதைச் சூழ்ந்த தேசியத் தலைநகர்ப் பகுதியையும் பற்றியவை. 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டைத் தாண்டிய வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்ற விதி அரசுத் துறைகளின் வண்டிகளைப் பற்றியது. இவை இரண்டையும் கலந்து தேநீர்க் கடைகளில் உலவும் அச்சத்துக்குத் தேனி மாவட்டத்துத் தனியார் மோட்டார் சைக்கிளோடு தொடர்பில்லை. பழம்பெரும் வாகனங்களுக்கென 2021இல் வந்த தனிப் பதிவு முறையும் 50 ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கே உரியது. அப்படிப் பதிவான வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டவும் கூடாது. ஆகவே 1994ஆம் ஆண்டு வண்டிக்கு அந்த வழி தேவையும் இல்லை, திறந்தும் இல்லை.

வழக்கை முடிவு செய்யும் கேள்வி ஒன்றுதான்: பதிவேட்டில் யார் பெயர் நிற்கிறது? சட்டத்தின் 2(30)ஆம் பிரிவு, எவர் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரையே உரிமையாளர் என்று வரையறுக்கிறது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதற்கு நல்ல விளக்கம். அந்த வழக்கில் வண்டி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு எனப் பலரிடம் மாறிய பிறகு விபத்து நடந்திருந்தும், பதிவேட்டில் பெயர் மாறாததால், முதலில் விற்றுவிட்டு ஒதுங்கியவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பாளி என நீதிமன்றம் முடிவு செய்தது. கம்பத்து வண்டியிலோ பதிவேட்டில் நிற்பவர் உயிரோடே இல்லை. இறந்தவரின் பெயரில் இன்சூரன்ஸ் ஒப்பந்தம் நிலைக்காது, புதுப்பித்தல் மனுவில் அவரால் கையெழுத்திட முடியாது, விபத்தில் வழக்கு வந்தால் உரிமையாளராக முன்னே நின்று பதில் சொல்லவும் அவர் வரமாட்டார். பெயர் மாறாத வரையில், மெக்கானிக் எவ்வளவு திறமையாக ஓட வைத்திருந்தாலும், அந்த வண்டி கொட்டகையை விட்டுச் சாலைக்கு வரத் தகுதி பெறவில்லை.

சட்டம் வாரிசுக்குக் கருணை காட்டாமல் இல்லை. சட்டத்தின் 50(2)ஆம் பிரிவும், 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 56ஆம் விதியும், உரிமையாளர் இறந்த 30 நாட்களுக்குள் வாரிசு அச்செய்தியையும் வண்டியைத் தாம் பயன்படுத்த எண்ணுவதையும் பதிவு அலுவலருக்குத் தெரிவித்துவிட்டால், மூன்று மாதம்வரை அதைத் தம் வண்டியைப் போலவே ஓட்டலாம் என்றும், அந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும் என்றும் கூறுகின்றன. ஒரு வெள்ளைத்தாளும் ஓர் இறப்புச் சான்றிதழ் நகலும் போதுமாயிருந்த காலம் அது. 2012இல் ஈமக்காரியம் முடித்து, பத்திரிகையில் நினைவஞ்சலி கொடுத்து, நிலத்தின் பட்டாவையும் வங்கிக் கணக்கையும் மாற்றிக்கொண்ட குடும்பம், வண்டியை மட்டும் 'அது பாட்டுக்கு நிற்கட்டும்' என்று விட்டிருக்கிறது. இத்தனை ஆண்டுகள் கழித்து மெக்கானிக்கிடம் பணம் கொடுத்து முடித்த பின்னரே சட்டம் நினைவுக்கு வந்திருக்கிறது. முதலில் போயிருக்க வேண்டியது பதிவு அலுவலகத்துக்கு, பட்டறைக்கு அடுத்துதான். கடிதத்தில் பிஸ்டன், ரிங், டயர் ஆகியவற்றின் விலைகூடக் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆர்.சி. புத்தகம் கைவசம் உள்ளதா, கடைசி பாலிசி எந்த ஆண்டுக்குரியது, வண்டி வாங்கக் கடன் பெற்றிருந்தால் அது அடைபட்டதா என்ற மூன்றில் ஒன்றுகூட இல்லை. உதிரிப் பாகத்தின் ரசீதைப் பத்திரப்படுத்துபவர் பதிவுப் புத்தகத்தின் கதியை அறியாமல் இருப்பது வழக்கறிஞர்கள் அன்றாடம் காணும் காட்சியே என்றாலும், அது மன்னிக்கத்தக்கது ஆகிவிடாது.

வாசகர் கவனிக்கத் தவறிய இன்னொரு தேதியும் இருக்கிறது. 1994 ஜூனில் வழங்கப்பட்ட சான்றிதழ் 2009 ஜூனிலேயே காலாவதியாகிவிட்டது. எனவே தந்தை அதைப் புதுப்பித்திருந்தாலொழிய, வாழ்வின் கடைசி மூன்று ஆண்டுகள் அவரே செல்லாத பதிவில்தான் ஓட்டியிருக்கிறார். அதனால் இப்போது தேவைப்படுபவை இரண்டு: வாரிசு பெயருக்கு மாற்றம், பதிவுப் புதுப்பித்தல். முன்னதற்குப் படிவம் 31, பின்னதற்குப் படிவம் 25. தாமதம் உரிமையை அழித்துவிடாது என்பதுதான் இதில் ஆறுதல். சட்டம் தாமதத்துக்குப் பணம் கேட்கிறதே தவிர வண்டியைப் பறிப்பதில்லை. பணம் எவ்வளவு என்பதில்தான் தகராறு வரும். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டணப்படி, மோட்டார் சைக்கிளின் புதுப்பித்தலில் தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் 300 ரூபாய் கூடுதல். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தம், 20 ஆண்டைத் தாண்டிய மோட்டார் சைக்கிளின் புதுப்பித்தல் கட்டணத்தை 2,000 ரூபாய் ஆக்கியது. மாநில அரசின் பசுமை வரி இவற்றுக்கு மேல். 2009இலிருந்து எண்ணினால் தாமதக் கட்டணம் மட்டுமே வண்டியின் மதிப்பைத் தொட்டுவிடக்கூடும். கணினித் திரை காட்டும் தொகையைக் கேள்வி கேட்காமல் கட்டிவிடாமல், எந்தத் தேதியிலிருந்து, எந்த விதியின்படி கணக்கிடப்பட்டது என்று எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும். அந்த விதி நடைமுறைக்கு வருமுன் கழிந்த மாதங்களுக்கும் கட்டணம் போடப்பட்டிருந்தால், அதை எதிர்த்து வாதிட இடம் உண்டு. அதற்குரிய உயர் நீதிமன்றம் தேனி மாவட்டத்தாருக்கு மதுரைக் கிளை. ஆனால் ஒரு மோட்டார் சைக்கிளுக்காக ரிட் மனுவின் செலவைத் தாங்குவது புத்திசாலித்தனமா என்பதை நேரில் கணக்குப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

பெயர் மாற்றத்துக்கு இறப்புச் சான்றிதழோடு, உத்தமபாளையம் வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழும், அதில் பெயர் உள்ள மற்றவர்கள் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை எனக் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரமும் வேண்டியிருக்கும். மோட்டார் சைக்கிளும் நிலத்தைப் போலவே இறந்தவரின் சொத்து என்பதும், மகன் ஓட்டுகிறான் என்பதால் மட்டும் அது மகனுடையதாகிவிடாது என்பதும் பலருக்கு உறைப்பதில்லை. இந்துக் குடும்பமானால் 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் ஆகியோருடன், இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு; 2012இல் பாட்டி உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்கு முறை வேறு. கட்டிக்கொடுத்த அக்காவிடம் ஒரு கையெழுத்துக்காகப் போய் நிற்பதைக் கௌரவக் குறைவாகக் கருதி அவர் பெயரையே விட்டுவிடும் வழக்கம் இப்பகுதியில் உண்டு. அது பொய் உறுதிமொழி, குற்றம்.

ஆர்.சி. புத்தகம் தொலைந்திருந்தால், காவல்துறையின் காணாமற்போன ஆவண அறிக்கையைப் பெற்று, படிவம் 26இல் நகல் கேட்க வேண்டும். இங்கே தேனிக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1994இல் தேனி தனி மாவட்டமே அல்ல. 1996இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. ஆகவே மூலப் பதிவேடு இன்றைய தேனி அலுவலகத்திலோ உத்தமபாளையம் பகுதி அலுவலகத்திலோ இருக்கும் என்று எண்ணிவிடாமல், புத்தகத்தின் முத்திரையில் எந்த அலுவலகத்தின் பெயர் உள்ளதோ அங்கே தேட வேண்டும். கையால் எழுதப்பட்ட அந்தக் காலத்துப் பதிவுகள் பல 'வாகன்' எனும் மத்தியக் கணினித் தரவகத்தில் ஏற்றப்படாமல் இருக்கின்றன. அப்படியானால் இணையவழி மனு எதுவும் நகராது, முதலில் பழைய பதிவைக் கணினியில் ஏற்றும் 'பேக்லாக் என்ட்ரி' நடக்க வேண்டும். புத்தகத்தில் எச்.பி. எனும் கடன் குறிப்பு இருந்தால், டியூ முழுதும் கட்டி முடித்திருந்தாலும், நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் படிவம் 35உம் இல்லாமல் அது நீங்காது. அந்த நிறுவனம் மூடப்பட்டிருந்தால் பொதுவான விடை கிடையாது; ஆவணங்களைப் பார்த்தே சொல்ல முடியும்.

போர் போட்ட செய்தியால் எழும் எச்சரிக்கை ஒன்றுண்டு. ஊர்ப் பேச்சில் பிரேக் இன்ஸ்பெக்டர் எனப்படும் மோட்டார் வாகன ஆய்வாளர், வண்டியின் முன்கழுத்துக் குழாயில் பொறித்த சேஸிஸ் எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கப்படும் பதிவைப் புத்தகத்தோடு ஒப்பிடுவார். என்ஜின் எண்ணையும் பார்ப்பார். கொட்டகையின் ஈரத்தில் துருவேறிய அந்த இடத்தைப் பெயின்ட் அடிக்கும் ஆர்வத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால், இலக்கம் ஒன்று மழுங்கினாலும் வண்டி திருட்டுச் சந்தேகத்துக்கு ஆளாகும். சிலிண்டருக்கு போர் போடுவதில் பிழையில்லை. ஆனால் எண் பொறித்த கிராங்க் கேஸையே பழைய இரும்புக் கடையில் வாங்கி மாற்றியிருந்தால் அது 52ஆம் பிரிவு சொல்லும் மாற்றம். முன் அனுமதி வேண்டும். அனுமதியின்றிச் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ 182ஏ(4)ஆம் பிரிவில் காத்திருக்கின்றன. ஆர்.எக்ஸ். 100க்குச் சத்தம் கூட்டவென்று இளைஞர்கள் மாட்டும் சைலன்சருக்கும் இதுவே பொருந்தும்.

இன்சூரன்ஸில் ஒரு முடிச்சு இருக்கிறது: பெயர் மாற்ற மனுவோடு இன்சூரன்ஸ் சான்றும் கேட்கப்படும், பாலிசியோ பதிவான உரிமையாளர் பெயரில்தான் வழக்கமாகத் தரப்படும். இணையத்தில் தந்தையின் பெயரையே தட்டி ஐந்து நிமிடத்தில் பாலிசி எடுத்துவிடலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால் ஏற்கக் கூடாது. மரணத்தை மறைத்து எடுத்த பாலிசி, தேவைப்படும் நாளில் நிறுவனத்தின் முதல் எதிர்வாதமாகிவிடும். கிளை அலுவலகத்துக்கு நேரில் சென்று, இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் காட்டி, முன்மொழிவுப் படிவத்தில் நிலைமையை உள்ளபடி எழுதியே மூன்றாம் நபர் பாலிசி, அதாவது வண்டியால் பிறருக்கு நேரும் கேட்டுக்கான காப்பீடு, பெற வேண்டும். புகைச் சான்றுக்கு, 2000 மார்ச் 31க்கு முன் உற்பத்தியான இருசக்கர வண்டிகளின் வரம்பு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பி.பி.எம்.; பெட்ரோலோடு எண்ணெயையும் எரிக்கும் டூ ஸ்ட்ரோக் என்ஜின் என்றாலும், நன்கு ட்யூன் செய்த வண்டி இதைத் தாண்டாது.

இவையெல்லாம் முடியும்வரை வண்டியைச் சாலையில் உருட்டக்கூடாது, ஆய்வுக்காகப் பதிவு அலுவலகத்துக்கு ஓட்டிச் செல்வதும் கூடாது. குட்டியானை எனும் சிறு சரக்கு வண்டியில் ஏற்றி உத்தமபாளையம் கொண்டுபோவதற்கான வாடகை, பிடிபட்டால் கட்டும் அபராதத்தில் ஒரு துளிதான். செல்லத்தக்க பதிவின்றி ஓட்டினால் 192ஆம் பிரிவில் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய். இன்சூரன்ஸ் இன்றி ஓட்டினால் 196ஆம் பிரிவில் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ. அபராதம் கட்டித் தீர்ந்துவிடும். ஆனால் தோட்டப் பாதையில் ஒரு கூலித் தொழிலாளி மீது மோதிவிட்டால், இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் இலட்சங்களைத் தருவதற்கு இன்சூரன்ஸ் நிறுவனம் இராது. ஓட்டியவரின் சொந்தச் சொத்தும், தந்தை விட்டுச் சென்று வாரிசுகள் கைக்கு வந்த சொத்தும், அந்தத் திராட்சைத் தோட்டம் உட்பட, ஜப்திக்கு உள்ளாகலாம். அப்போது வண்டியில் ஏறியே இராத தாயும் அக்காவும் எதிர்மனுதாரர்களாக நிற்க நேரும். குமுளிப் பயணத்தைப் பற்றி இந்தக் கட்டத்தில் பேசுவதற்கே ஒன்றுமில்லை.

இந்த விடை, கடிதத்தில் சொல்லப்பட்டவற்றை மட்டும் வைத்துத் தரப்பட்ட பொதுக் கருத்து. இதை நம்பி மனுவிலோ உறுதிமொழிப் பத்திரத்திலோ கையெழுத்திடக் கூடாது. ஆர்.சி. புத்தகத்தின் எல்லாப் பக்கங்கள், கிடைக்கும் பழைய பாலிசிகள், வரி ரசீது, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றுடன் மோட்டார் வாகன வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞர் ஒருவரை உத்தமபாளையத்திலோ தேனியிலோ நேரில் காண வேண்டும். அதுவரை புரோக்கர் எவரிடமும் முன்பணமோ, வெற்றுப் படிவத்தில் கையெழுத்தோ கொடுக்கக் கூடாது.