தேவரமும் காலாநிலமும்: பாபிலோன் முதல் பஞ்சாங்கம் வரை

ஊரை விட்டு வந்த நம் குடும்பங்களில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது எழும் கேள்வி இது: "அப்பாவின் திதி வாக்கியப்படி ஒரு நாளிலும் திருக்கணிதப்படி வேறு நாளிலும் வருகிறதே, எதை எடுத்துக்கொள்வது?" ஊரில் இருந்தால் வாத்தியாரைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். இங்கே நாமே புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது. சனிப் பெயர்ச்சியும் அப்படித்தான். திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17-ல் கும்பத்துக்குப் போன சனி பகவான், வாக்கியப்படி அதே ஆண்டு டிசம்பர் 20-ல்தான் போனார். பதினோரு மாத வித்தியாசம்!

எதைப் பின்பற்றுவது என்பது அவரவர் குடும்ப வழக்கம். அதை நான் தீர்க்கப் போவதில்லை. வாக்கியம் என்றால் என்ன, அது எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் நல்லது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். விடையின் ஒரு பகுதியைக் கண்டுபிடித்தவர் பஞ்சாங்கமே பார்த்திராத ஓர் ஆஸ்திரியர் என்பது ஆச்சரியம்.

ஆட்டோ நியூகெபவர் 1899-ல் இன்ஸ்ப்ருக் நகரில் பிறந்தவர். ஜெர்மனியில் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தார். 1933-ல் நாஜி ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து டென்மார்க்குக்கும், 1939-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்துக்கும் போனார். அவரும் ஊரை விட்டுப் பிழைக்கப் போனவர்தான். ஈராக் மண்ணில் கிடைத்த ஆப்பெழுத்துக் களிமண் பலகைகளைப் படிப்பதே அவர் வாழ்நாள் வேலை. பாபிலோனியர் அறுபதை அடிப்படையாக வைத்து எண்ணியவர்கள். ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை என்று கணக்குப் பார்த்த நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது. அவர்களுடைய வானியல் பலகைகளை மூன்று தொகுதிகளாக 1955-ல் அவர் வெளியிட்டார். அதற்கு மூன்று வருஷம் முன்பு, 1952-ல், ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பு 'தமிழ் வானியல்'.

பாபிலோனுக்கும் தமிழுக்கும் முடிச்சுப் போட்டது ஒரு பழைய சென்னைப் புத்தகம். சென்னை வானோக்கு நிலையத்தில் பொறுப்பு வகித்த ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி, 1825-ல் 'கால ஸங்கலித' என்ற பெரிய நூலை வெளியிட்டார். தென்னாட்டாரின் காலக்கணக்கு முறைகளை எல்லாம் விவரிக்கும் நூல் அது. புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த சொற்களைக் கொண்டே அவருக்கு ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். 1825 மே 31 இரவு வந்த கிரகணம் அது. காகிதம் இல்லை, பேனா இல்லை. தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிசகியது. அவருக்குச் சித்தாந்தம் ஒன்றும் தெரியாது என்று வாரன் கொஞ்சம் இளக்காரமாகவே எழுதியிருக்கிறார்.

நியூகெபவர் அதை வேறு விதமாகப் பார்த்தார். சித்தாந்தம் தெரிந்தவர் தன் புத்தியால் எதையாவது திருத்தியிருப்பார். மனப்பாடம் செய்தவர் வந்ததை வந்தபடியே காப்பாற்றியிருப்பார் அல்லவா?

இனிப் பாடத்துக்கு வருவோம். அந்தச் சோழிக் கணக்கில் மூன்று எண்கள் முக்கியமானவை. அவற்றுக்குப் பெயர்கள் உண்டு: தேவரம், காலாநிலம், ரஸகைரிகம். பெயரே எண்தான். வீட்டில் பாட்டுக் கற்கும் குழந்தை இருந்தால் கேளுங்கள். மாயாமாளவகௌளை ஏன் 15-வது மேளம் என்றால், மா 5, யா 1, திருப்பிப் படித்தால் 15 என்று சொல்லும். அதே கடபயாதி முறைதான் இங்கும். தேவரத்தில் தே 8, வ 4, ர 2, திருப்பினால் 248. காலாநிலத்தில் கா 1, லா 3, நி 0, ல 3, திருப்பினால் 3031. ரஸகைரிகம் 12,372.

ஒரு எச்சரிக்கை. இது எழுத்தைப் பார்த்துச் செய்வதல்ல, காதால் கேட்டுச் செய்வது. தமிழில் 'தீரசங்கராபரண'த்தின் தீயும் 'தேவர'த்தின் தேயும் ஒரே தகரம்தான். ஆனால் உச்சரிப்பில் முன்னதற்கு 9, பின்னதற்கு 8. வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் மலையாளமும் படித்து வளர்ந்த எங்கள் கல்பாத்திப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் சௌகரியம் உண்டு.

சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது வேகம், தூரத்தில் மந்தம். ஒரு மந்த நிலையிலிருந்து அடுத்த மந்த நிலைக்கு ஏறக்குறைய 27.55 நாள். முழு நாளில் அடங்காத எண். ஆனால் அப்படி ஒன்பது சுற்று சேர்ந்தால் 248 நாள். சுமார் 13 நிமிடம்தான் பிசகு. 110 சுற்று சேர்ந்தால் 3031 நாள்; பிசகு ஒரு நிமிடம்கூட இல்லை. ஆகவே 248 நாளுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடம் இருந்தால் போதும், எந்த நாளுக்கும் சந்திரன் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடலாம்.

செய்து பாருங்கள். ஆரம்ப நாளிலிருந்து 20,000 நாள் ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ரஸகைரிகம் ஒன்றைக் கழித்தால் 7,628. காலாநிலம் இரண்டைக் கழித்தால் 1,566. தேவரம் ஆறைக் கழித்தால் மிச்சம் 78. எழுபத்தெட்டாவது வாக்கியத்தைச் சொல்லி, கழித்த ஒவ்வொரு கட்டுக்கும் உரிய துருவத்தைக் கூட்ட வேண்டும் (ஒரு தேவரத்துக்கு 27 பாகை 44 கலை). பெருக்கல் வகுத்தல் அதிகம் இல்லை. சோழி போதும்.

இப்போது பாபிலோனுக்குப் போவோம். கிறிஸ்துவுக்கு முந்திய கடைசி மூன்று நூற்றாண்டுகளைச் சேர்ந்த பலகைகளில் சந்திரனின் தினசரி ஓட்டம் இப்படி எழுதியிருக்கிறது: குறைந்தது 11 பாகை 6 கலை 35 விகலை, மிகுந்தது 15 பாகை 14 கலை 35 விகலை. நாளுக்கு 18 கலை வீதம் ஏறி, பிறகு அதே வீதத்தில் இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கலையாக்குங்கள். 248! ஏறி இறங்க 496 கலை. அதை 18-ஆல் வகுத்தால் 27 நாளும் ஒன்பதில் ஐந்து பங்கும். அதாவது ஒன்பது சுற்றுக்கு 248 நாள். நம் தேவரமேதான்.

248-ஐ மட்டும் யாரும் தனியாகக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்லலாம். ஆனால் 248-உம் 3031-உம் ஜோடியாக, எகிப்தில் கிடைத்து இப்போது மான்செஸ்டர் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கும் மூன்றாம் நூற்றாண்டுக் கிரேக்கப் பாபிரஸ் ஏட்டிலும் இருக்கின்றன. ஆறாம் நூற்றாண்டு வராஹமிஹிரரின் பஞ்சசித்தாந்திகையிலும் இருக்கின்றன. வழி தெளிவாகவே தெரிகிறது. அதனால்தான் நியூகெபவர், புதுச்சேரித் தரையில் பரப்பிய சோழிகளை பாபிலோன் மரபின் உயிருள்ள கடைசிக் கண்ணியாகக் கண்டார்.

'அப்படியானால் எல்லாம் இரவல்தானா?' என்று சிலருக்கு மனம் வாடும். வாட வேண்டியதில்லை. பாபிலோனியரின் ஓட்டம் நாளுக்குச் சரிசமமாக 18 கலை ஏறும். நம் சந்திர வாக்கியங்களில் முதல் மூன்று நாள் 12 பாகை 3 கலை, 24 பாகை 9 கலை, 36 பாகை 22 கலை. ஏற்றம் முதலில் 3 கலை, அடுத்தது 7 கலை. இது ஜ்யா, அதாவது சைன், கொண்டு செய்த கணக்கு. ஆரியபட்டருக்குப் பின் வந்த நம்மவர் வேலை. சுற்றின் காலம் அவர்களுடையது; உள்ளே நிரப்பிய எண்கள் நம்முடையவை. வரருசி பெயரில் வழங்கும் இந்த வாக்கியங்களை, கலையோடு நிற்காமல் விகலை வரை நுணுக்கமாகத் திருத்தியவர் சங்கமகிராமத்து மாதவர். அவருடைய 'வேண்வாரோஹம்' ஒரே நாளில் ஒன்பது தடவை சந்திரன் நிலையைக் கணிக்க வழி சொல்கிறது. தமிழ்நாட்டுப் பஞ்சாங்கங்களுக்கு மூலமான 'வாக்கியகரணம்', குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் பதிப்பித்து 1962-ல் சென்னையில் வெளிவந்தது.

சரி, வாக்கியத் திதி ஏன் பிசகுகிறது? நம் முன்னோர் சந்திரனுக்கு அதிகபட்சம் சுமார் 5 பாகைத் திருத்தம் வைத்தார்கள். இன்றைய கணக்கில் அது 6 பாகை 17 கலை. அதோடு சூரியனின் இழுப்பால் இன்னும் 1 பாகை 16 கலை அசைவு. அமாவாசை, பௌர்ணமியில் இந்த இரண்டாவது முதலாவதைக் குறைக்கும். மிச்சம் அதே 5 பாகை! கிரகணம் அந்த நாட்களில்தானே வரும்? கிரகணத்தைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த கணக்கு கிரகணத்துக்குப் பொருந்தியது. அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டும் கூடிவிடும். ஆகவே அப்போதுதான் திதி சில மணி நேரம்கூட நழுவும். உங்கள் வீட்டுத் திதி பௌர்ணமியை ஒட்டியதானால் இரண்டு பஞ்சாங்கமும் பெரும்பாலும் ஒத்துப்போவதைப் பார்க்கலாம்.

இந்த நழுவலை நம்மவர் அறியாமல் இல்லை. எங்கள் கல்பாத்திப் புழை போய்க் கலக்கும் நிளா நதி கடலைச் சேரும் இடத்துக்கு அருகே வாழ்ந்த வடச்சேரி பரமேஸ்வரன், 55 வருஷம் கிரகணங்களைக் கண்ணால் பார்த்து, கணக்கோடு ஒத்திட்டு, 1431-ல் 'திருக்கணிதம்' என்ற நூலை எழுதினார். பழைய வாய்பாட்டைக் கைவிடாமலும் வானத்தைப் பார்க்காமல் இராமலும் இருந்த மனிதர். அடுத்த சந்திர கிரகணத்தன்று குழந்தைகளை மாடிக்கு அழைத்துப்போய், வாக்கியப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் ஸ்பரிச நேரத்தை உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றிக்கொண்டு, கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தனை நிமிடம் பிசகியது என்று எங்களுக்கு எழுதினால் அடுத்த இதழில் போடுகிறோம்.