ஒழுகும் ரேடியேட்டர்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

கொல்கத்தாவின் மஞ்சள் நிற அம்பாசிடர் டாக்சிகள் பெயர் பெற்றவை. அந்தக் கார்கள் உத்தர்பாரா என்ற ஊரில் தயாராயின. 2014-ஆம் ஆண்டு உற்பத்தி நின்றது. அதன் பிறகும் பல டாக்சிகள் ஓடிக்கொண்டிருந்தன.

அப்படி ஒரு டாக்சி ஹவுரா ரயில் நிலையத்தின் அருகே நின்றது. வண்டியின் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. கீழே தண்ணீர் சொட்டியது. இளம் ஓட்டுநர் பதறினார். ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார்.

"தம்பி, தொடாதே!" என்று பக்கத்து டாக்சிக்காரர் கத்தினார். "உள்ளே தண்ணீர் கொதிக்கிறது. மூடியைத் திறந்தால் முகத்தில் பீறிட்டு அடிக்கும். எஞ்சினை நிறுத்து. நன்றாக ஆறட்டும்."

எஞ்சின் ஓடும்போது மிகவும் சூடாகும். தண்ணீர் அந்தச் சூட்டை ரேடியேட்டருக்கு எடுத்து வரும். அங்கே மெல்லிய குழாய்கள் உண்டு. காற்று பட்டுத் தண்ணீர் ஆறும். மறுபடி எஞ்சினுக்குப் போகும். தண்ணீர் ஒழுகினால் எஞ்சின் ஆறாது.

எஞ்சின் ஆறியது. ஓட்டுநர் தண்ணீர் ஊற்றினார். மெதுவாகப் பக்கத்துப் பட்டறைக்கு வண்டியை ஓட்டிப் போனார். அவருக்கு ஒரே கவலை. வண்டி ஓடாவிட்டால் அன்றைய வருமானம் இல்லை. மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும்.

"அண்ணே, மஞ்சள் தூள் போட்டால் ஓட்டை அடைபடும் என்கிறார்களே? போட்டு ஓட்டட்டுமா?" என்று மெக்கானிக்கிடம் கேட்டார்.

"ஓட்டையை அடைக்கும் தூள் நல்ல குழாயையும் அடைக்கும், தம்பி. பிறகு எஞ்சின் இன்னும் சூடாகும். சூட்டில் ஹெட் வளையும். கேஸ்கெட் போகும். அந்தச் செலவு ரேடியேட்டர் செலவைவிடப் பல மடங்கு" என்றார் மெக்கானிக்.

அவர் முதலில் ரப்பர் குழாய்களையும் கிளிப்புகளையும் பார்த்தார். சில சமயம் கோளாறு அங்கேயே இருக்கும். அவை நன்றாக இருந்தன. பிறகு ரேடியேட்டரைக் கழற்றினார். அதன் வாய்களை அடைத்தார். தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் காற்றைச் செலுத்தினார். ஒரே ஒரு இடத்தில் குமிழி வந்தது.

"இது செம்பும் பித்தளையும் சேர்ந்தது. ஈயம் பிடிக்கும். குழாய்களும் கெட்டியாக இருக்கின்றன. பழுது பார்த்தால் போதும்" என்றார். அந்த இடத்தைச் சுத்தம் செய்து ஈயம் வைத்தார். மறுபடி தண்ணீரில் அமுக்கினார். குமிழி வரவில்லை.

பக்கத்தில் ஒரு புதிய வகைக் கார் நின்றது. அதன் ரேடியேட்டரில் குழாய்கள் அலுமினியம். மேல் தொட்டி பிளாஸ்டிக். தொட்டி வெடித்திருந்தது.

"இதையும் ஒட்டலாமா, அண்ணே?"

"பிளாஸ்டிக்கில் ஈயம் நிற்காது. பசை தடவினால் சூட்டில் விட்டுவிடும். இதை மாற்றுவதே நல்லது" என்றார் மெக்கானிக்.

பிறகு ஒரு கணக்குச் சொன்னார். புதிய ரேடியேட்டர் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழுது பார்க்க 500 ரூபாய். ஒரு முறை பழுது பார்த்து 3 ஆண்டு உழைத்தால் 3,500 ரூபாய் மிச்சம். ஆனால் குழாய்கள் அரித்துப் போயிருந்தால் 3 மாதத்திற்கு ஒரு முறை ஒழுகும். 3 ஆண்டில் 12 முறை. மொத்தம் 6,000 ரூபாய். அப்போது மாற்றுவதே லாபம்.

ஓட்டுநர் மாலையில் மறுபடி சவாரிக்குக் கிளம்பினார்.

நினைவில் கொள்ளுங்கள்

1. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.
2. தினமும் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, தண்ணீர் அளவைப் பாருங்கள்.
3. கம்பெனி சொன்ன கூலண்டை ஊற்றுங்கள். உப்புத் தண்ணீர் குழாயை அரிக்கும்.
4. கூலண்ட் விஷம். குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

பயிற்சி

1. மஞ்சள் தூள் போட வேண்டாம் என்று மெக்கானிக் ஏன் சொன்னார்?
2. டாக்சியின் ரேடியேட்டரைப் பழுது பார்க்க முடிந்தது. மற்றக் காரில் ஏன் முடியவில்லை?
3. பழுது பார்க்க 700 ரூபாய். 6 மாதத்திற்கு ஒரு முறை ஒழுகுகிறது. 3 ஆண்டில் எவ்வளவு செலவாகும்? 4,000 ரூபாய்க்குப் புதிது வாங்குவது லாபமா?