பெடல் இரைகிறதா? சால்டரிங் ராடை அப்புறம் எடுங்கள்

ஆடி மாதம் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா, ஊர்க் கோயில்களில் பண்டிகை, தேவாலயங்களில் கிறிஸ்துமஸ், பள்ளிகளில் ஆண்டு விழா. கொல்லிமலையில் மேடை போட்டால் மைக் செட் வேண்டும். மைக் செட் இருந்தால் அதைப் பழுது பார்க்க ஆள் வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு மலையிலேயே தொழில் செய்ய நினைக்கும் தம்பி தங்கைகள் முதலில் கற்க வேண்டியது இரைச்சலைப் பிடிக்கும் வேலை. பாட்டு தொடங்கும் முன்பே ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஓடுகிறதே, அதுதான்.

அதைப் பழக நல்ல பயிற்சிப் பொருள், கிட்டார்காரர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளும் ஃபஸ் பெடல். 1966இல் லண்டனில் வந்த 'ஃபஸ் ஃபேஸ்' பெடலில் இரண்டே டிரான்சிஸ்டர், ஒரு 9 வோல்ட் பேட்டரி, விரல்விட்டு எண்ணும் அளவுக்கு ரெசிஸ்டர், கெப்பாசிட்டர்கள். இன்றும் வீட்டில் செய்பவர்களில் பலர் அந்தச் சர்க்யூட்டைத்தான் பின்பற்றுகிறார்கள். கிட்டாரின் மெல்லிய சிக்னலைப் பல மடங்கு பெருக்கி, அலையின் தலையை வெட்டிக் கரகரப்பாக்குவது அதன் வேலை. உள்ளே நுழைகிற துளி இரைச்சலும் அதே அளவுக்குப் பெருகும். வேறு பெடலில் காதுக்கே எட்டாத குறை, ஃபஸ்ஸில் ஊருக்கே கேட்கும்.

இரைச்சல் வந்ததும் ஆளாளுக்கு டிரான்சிஸ்டரை மாற்றுவார்கள், கெப்பாசிட்டரைப் பிடுங்குவார்கள். சமவெளியில் அது சரிப்பட்டுப் போகலாம். 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல் போய் ஒரு பார்ட்ஸ் வாங்கி வர ஒரு நாள் போய்விடுகிற ஊரில் கட்டுப்படியாகாது. எங்கே பழுது என்று முடிவான பிறகுதான் ராடு சூடாக வேண்டும்.

முதலில் பெடலைக் கழற்றிவிட்டு, கிட்டாரை நேரே ஆம்பில் சொருகிக் கேளுங்கள். அப்போதும் இரைந்தால் பெடல்மேல் குற்றமில்லை. இல்லையென்றால் பெடலை மாட்டி, அடாப்டரைக் கழற்றி, புது 9 வோல்ட் பேட்டரி போடுங்கள். சத்தம் நின்றதா? ஆள் அகப்பட்டுவிட்டான்: பவர் சப்ளை.

காதும் இதைச் சொல்லும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அடாப்டருக்குள் இருக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் அதை 100 ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கமாக்குகிறது. அது சரியாக வடிகட்டப்படாவிட்டால் சற்றுக் கூர்மையான, கரகரத்த இரைச்சல் வரும். அடிவயிற்றில் அதிரும் கனத்த 50 ஹெர்ட்ஸ் என்றால் வயரோ, எர்த்தோ, பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரோ என்று சந்தேகியுங்கள். மல்டிமீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்து, பெடல் ஓடும்போதே சப்ளையின் இரு முனையிலும் பாருங்கள். பேட்டரியில் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். அடாப்டரில் அது ஏறி நின்றால் கண்ணுக்கும் சாட்சி கிடைத்துவிட்டது.

மருந்து மலிவு. சப்ளை பாசிட்டிவ் வயரில் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, அதைத் தாண்டி கிரவுண்டுக்கு 470 மைக்ரோஃபாரட், 16 அல்லது 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று. இது 3.4 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதைக் குறைக்கத் தொடங்கி, 100 ஹெர்ட்ஸ் வரும்போது ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காக அடக்கிவிடும். பெடல் இழுப்பது ஒன்றிரண்டு மில்லிஆம்பியர்தான். ஆகவே ரெசிஸ்டரில் இழக்கும் வோல்ட்டேஜ் பொருட்டே இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இவ்வளவு குறைவாக இழுக்கும் பெடலுக்கு பேட்டரியே உத்தமம். ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

பேட்டரியிலும் இரைகிறதா? கிட்டாரின் வால்யூமை முழுக்கக் குறையுங்கள். நின்றுவிட்டால் சத்தம் கிட்டார் வழியாக வருகிறது. சிங்கிள் காயில் பிக்கப் என்றால் டியூப்லைட் சோக்கும் மேடை விளக்கின் டிம்மரும் எழுப்பும் இரைச்சல் அதற்குள் புகும். கிட்டாரோடு மெல்லத் திரும்பிப் பாருங்கள், ஒரு திசையில் சத்தம் தணியும்.

வால்யூமைக் குறைத்தும் சத்தம் நிற்காவிட்டால் பெடலின் பெட்டியைத் திறந்து பாருங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் செய்தது என்றால் காரணம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. உலோகப் பெட்டிதான் கவசம், அதுவும் கிரவுண்டோடு சேர்ந்தால்தான். ஜாக்கின் ஸ்லீவுக்கும் பெட்டிக்கும் இடையே மீட்டர் வைத்தால் ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். பெயின்ட் அடித்த பெட்டியில் ஜாக் வாஷருக்கு அடியில் பெயின்ட் தடுத்துக்கொண்டிருக்கும், சுரண்டிவிடுங்கள். இன்புட் வயர் நீளமாகத் தொங்கி அவுட்புட் வயரோடு உரசக் கூடாது. அதற்கு ஷீல்டு வயர் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்டில் சேருங்கள். கிரவுண்ட் இணைப்பில் ஈயம் மங்கலாக, உருண்டு திரண்டு நின்றால் மறுபடி பற்ற வையுங்கள். பனி மூட்டத்தில் ஜாக்குகள் சீக்கிரம் களிம்பேறும் என்பதால் கான்டாக்ட் கிளீனர் பையில் இருக்கட்டும்.

ஏசி 128 போன்ற ஜெர்மானியம் பிஎன்பி டிரான்சிஸ்டர் வைத்த பழைய பாணிப் பெடலில் பாசிட்டிவ்தான் கிரவுண்ட். அதை மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் மாட்டினால் சப்ளை ஷார்ட் ஆகும். தனி பேட்டரி கொடுங்கள்.

பெடலில் குறை இல்லாதபோதும் மேடையில் இரைச்சல் வரலாம். மிக்ஸர் ஒரு பிளக்கிலும் ஆம்ப் எங்கோ இன்னொரு பிளக்கிலும் இருந்தால் எர்த் லூப் உண்டாகி இரையும். சிலர் மூன்று பின்னில் எர்த் பின்னை வெட்டிவிடுவார்கள். இதை ஒருபோதும் செய்யாதீர்கள், செய்பவரையும் தடுங்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் பாடகர் மைக்கைத் தொட்ட நொடியில் உயிர் போகலாம். எல்லாவற்றுக்கும் மின்சாரத்தை ஒரே இடத்திலிருந்து எடுங்கள், அல்லது சிக்னல் வயரின் கிரவுண்டை மட்டும் துண்டிக்கும் ஸ்விட்ச் (கிரவுண்ட் லிஃப்ட்) உள்ள டிஐ பாக்ஸ் போடுங்கள்.

முறையாகக் கற்க ஐடிஐயில் எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் பிரிவு இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறினால் போதும், இரண்டு ஆண்டு. கூலி விஷயத்தில் கூச்சம் வேண்டாம். "பத்து ரூபாய் கெப்பாசிட்டருக்கு இவ்வளவா?" என்று கேட்பார்கள். பேட்டரியிலும் அடாப்டரிலும் மாற்றி மாற்றி அவர்களையே கேட்கச் சொல்லுங்கள். பழுதைக் கண்டுபிடித்த கூலியைத் தனியாகவும் பார்ட்ஸ் விலையைத் தனியாகவும் எழுதிக் கொடுங்கள். மூடியின் உட்புறத்தில் தேதி, மாற்றிய பார்ட்ஸ், கிரவுண்ட் பாசிட்டிவா நெகட்டிவா என்று ஒரு சீட்டு ஒட்டி அனுப்புங்கள்.